எல்டி2410சி ரேடார்: ஆள் வந்தால் அசையும் கலைக்கு, பாலக்காட்டு வெயிலில்

பக்கத்தில் ஆள் வந்தால் விளக்கு ஏறும், நின்று பார்த்தால் பாட்டு எழும், விலகினால் பொம்மை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்படிப் பார்வையாளருக்குப் பதில் சொல்லும் கலைப்படைப்பை சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு பள்ளி மண்டபத்திலோ, கல்பாத்தித் தேர் சமயத்துப் பந்தலிலோ வைக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஆள் வருவதை அறியும் சென்சார். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது எச்.சி.-எஸ்ஆர்501 என்ற பிஐஆர், அதாவது அகச்சிவப்புக் கதிரை வைத்து அசைவை அறியும் சென்சார். நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். வாங்காதீர்கள். இன்னும் சில நூறு ரூபாய் போட்டு எச்எல்கே-எல்டி2410சி என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டை வாங்குங்கள். அது ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து ஆளை அறியும். அதிலும் குறை உண்டு, கீழே விலாவாரியாகச் சொல்கிறோம். ஆனால் ரேடாரின் குறையை உட்கார்ந்து சரிசெய்ய முடியும். பிஐஆரின் குறை இந்த ஊர் வெயிலோடு ஒட்டிப் பிறந்தது.

பிஐஆர் அறிவது சூட்டை இல்லை, சூட்டு வித்தியாசத்தை. ஆளின் தோலும் உடுப்பும் ஏறக்குறைய 33, 34 டிகிரியில் இருக்கும். பின்னாலுள்ள சுவர் 26 டிகிரி என்றால், ஆள் குறுக்கே நடப்பது அதற்குப் பளிச்சென்று தெரியும். மார்ச், ஏப்ரலில் கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் பகல் வெப்பம் 40-ஐ நெருங்கும்போது தகரக் கூரை மண்டபத்தின் சுவரும் அதே 33, 34-க்கு வந்து நிற்கும். அப்போது ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுதான். காலையில் ஏழு மீட்டர் தள்ளிப் பிடித்த சென்சார் மதியம் மூக்குக்கு நேரே வந்தால்கூடச் சட்டை செய்யாது. பழுது என்று நினைத்துக் கழற்றிப் புதியதைப் போட்டால் அதுவும் அப்படித்தான். சாயங்காலம் சுவர் ஆறியதும் இரண்டும் நன்றாக வேலை செய்யும். போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சூடான காற்று ஒரு வீச்சு ஜன்னல் வழியாக வந்தால் ஆளே இல்லாமல் அது விழித்துக்கொள்ளும்.

வெயில் இல்லாத மாதத்திலும் பிஐஆர் கலைக்குப் பொருந்தாததற்கு வேறு காரணம் இருக்கிறது. அசைவு நின்றால் அதற்கு ஆள் இல்லை. படைப்பு பிடித்துப்போய் ஒருவர் அசையாமல் நின்று பார்க்கத் தொடங்குகிற அந்த நேரத்தில்தான் விளக்கு அணையும். போர்டில் உள்ள இரண்டு திருகில் ஒன்று தூரம், இன்னொன்று நேரம். நேரத்தைச் சில விநாடியிலிருந்து ஐந்து நிமிடம் வரை நீட்டலாம் என்பது உண்மை. நீட்டினால் ஆள் போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும். அணைந்த பிறகு இரண்டரை விநாடி எதையும் பார்க்காது. வாசல் விளக்குக்கு இது போதும், கலைக்குப் போதாது.

ரேடார் கலைக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். எட்வர்ட் இனாட்டோவிச் 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் நிறுவனத்தின் எவோலுவான் காட்சியரங்கில் ‘சென்ஸ்டர்’ என்ற எந்திர உருவத்தை நிறுத்தினார். நான்கு மைக்கும் அசைவை அறியும் இரண்டு டாப்ளர் ரேடாரும் அதற்குக் காதும் கண்ணும். மெல்லப் பேசி மெல்ல அசைபவரிடம் தலையை நீட்டி வரும், கத்தினாலும் தடாலடியாக ஆடினாலும் பின்வாங்கும். 1974 வரை அங்கே இருந்தது. ஹைட்ராலிக்ஸும் அந்தக்கால கம்ப்யூட்டரும் வைத்து இயக்கிய அந்த வேலையில் ரேடார் பங்கு இன்றைக்கு 16 மி.மீ. அகலம், 22 மி.மீ. நீளப் போர்டில் அடங்கிவிட்டது. பேர் வாங்கித் தந்தது ரேடார் இல்லை, எப்போது நெருங்குவது எப்போது ஒதுங்குவது என்று அவர் வகுத்த நடத்தை. அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இந்த வரிசையில் எல்டி2410, 2410பி, 2410சி என்று மூன்று வகை கிடைக்கும். கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டின் ஊசிகள் 1.27 மி.மீ. இடைவெளியில் இருக்கும், பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் இணைத்துப் பார்க்கும் துளைப் பலகை) குத்த முடியாது, நுனி தடித்த சால்டரிங் அயர்ன் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சி வகைக்கு வழக்கமான 2.54 மி.மீ. ஊசி, புளூடூத்தும் உண்டு. மின்சாரம் 5 வோல்ட். ஓட்டத்தில் 80 மில்லி ஆம்ப் அளவுதான் எடுக்கும், ஆனால் 200 மில்லி ஆம்புக்குமேல் தரக்கூடிய சப்ளையாக இருக்க வேண்டும். சிக்னல் 3.3 வோல்ட் என்பதால் இஎஸ்பி32 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் நேரடியாகச் சேர்க்கலாம். ரேடாரின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும் ஊசி) இஎஸ்பியின் 16-ஆம் ஊசிக்கு, ஆர்எக்ஸ் (தகவல் வாங்கும் ஊசி) 17-க்கு, கிரவுண்டு கிரவுண்டுக்கு. தகவல் வேகம் 256000 பாட். இதை 9600, 115200 என்று பழக்க தோஷத்தில் போட்டுவிட்டு ‘போர்டு செத்துவிட்டது’ என்பவர்கள் நிறைய. புரோகிராம் எழுதவே வேண்டாம் என்றால் அவுட் என்ற ஊசி இருக்கிறது. ஆள் இருந்தால் 3.3 வோல்ட், இல்லையென்றால் பூஜ்யம். ஒரு டிரான்சிஸ்டர் வைத்து விளக்கை நேரே ஓட்டிவிடலாம்.

ஒழுங்குபடுத்தும் இடத்தில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். போர்டு தன் முன்னாலுள்ள தூரத்தை 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது, அதைக் கேட் என்கிறார்கள். அதிகபட்சம் கேட் 4 என்று வைத்தால் 3 மீட்டர் வரை பார்க்கும், 8 என்றால் 6 மீட்டர். ஒவ்வொரு கேட்டுக்கும் அசையும் ஆளுக்கு ஒன்று, அசையாத ஆளுக்கு ஒன்று என்று சென்சிட்டிவிட்டி எண் உண்டு, 0 முதல் 100 வரை. எண்ணைக் கூட்டினால் கூர்மை கூடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது தலைகீழ். திரும்பி வரும் அலையின் பலம் இந்த எண்ணைத் தாண்டினால்தான் ஆள் என்று கணக்கு. ஆகவே 15 என்றால் மகா கூர்மை, 100 என்றால் அந்தக் கட்டத்துக்கே கண் கிடையாது. அசையாத ஆளுக்கான எண்ணை 0, 1 என்ற முதல் இரண்டு கட்டங்களில் மாற்ற முடியாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், செயலியில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முறை இதுதான். சென்சாரை அது கடைசியில் இருக்கப்போகும் அதே இடத்தில், அதே பெட்டிக்குள் வையுங்கள். மண்டபத்தில் ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது, ஆனால் ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் ஓட வேண்டும், கதவு ஜன்னல் விழா நாளில் எப்படி இருக்குமோ அப்படி. எச்எல்கே ரேடார் டூல் செயலியில் புளூடூத் வழியாக இன்ஜினியரிங் மோடுக்குப் போனால் ஒவ்வொரு கேட்டிலும் ஓடும் பலத்தைப் பார்க்கலாம். நாலைந்து நிமிடம் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஏறிய உச்சத்தைக் குறித்து, அதைவிட 10 கூட்டி வையுங்கள். பிறகு ஒருவர் நடந்துபார்க்கட்டும், நிற்கட்டும், தரையில் உட்காரட்டும். குழந்தையையும் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்த ஆளிடமிருந்து திரும்பும் அலையும் குறைவு.

முடித்ததும் புளூடூத் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கம்பெனியில் போட்டு அனுப்பும் சொல் எல்லாப் போர்டுக்கும் ஒன்றே, ஊரறிந்தது. செயலி வைத்திருக்கும் எந்தக் கல்லூரிப் பிள்ளையும் உங்கள் எண்களைக் கலைத்துவிட்டுப் போகலாம்.

ஃபேன்தான் இதற்குப் பரம எதிரி. உத்தரத்தில் சுற்றும் இறக்கை ரேடாருக்கு ஓயாமல் அசையும் ஆள். கூரையில் சென்சாரைப் பதிப்பதை இந்தப் பக்கத்து மண்டபங்களில் மறந்துவிடுங்கள். சுவரிலோ ஸ்டாண்டிலோ ஒன்றரை மீட்டர் உயரத்தில், முகம் கொஞ்சம் தரையைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். பக்கவாட்டில் 60 டிகிரி வீதம் இருபுறமும் பார்க்கும் என்பதால் ஓரத்து ஃபேனும் கண்ணில் படும். ஃபேன் இருக்கும் தூரத்துக் கட்டத்தை மட்டும் 100 ஆக்கி மூடலாம், ஆனால் அந்தத் தூரத்தில் நிற்கும் ஆளும் சேர்ந்து மறைந்துபோவார். அதைவிடப் படைப்பின் எல்லையையே அந்தக் கட்டத்துக்கு முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. தலையாட்டும் ஸ்டாண்டு ஃபேன் பக்கத்திலேயே வேண்டாம். பந்தலின் தொங்கு துணி, வாழைமரத் தோரணம், காற்றில் ஆடும் ஃபிளெக்ஸ் எல்லாமே இதே கணக்கில் வரும். ஜூன், ஜூலைக் காற்றில் திறந்த பந்தலில் இதை வைப்பது வீண் வேலை.

இனி இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் (பாவைக்கூத்துக்கான மேடை) கம்பனின் ராமாயணத்தைத் தமிழ்ப் பாட்டாகவே பாடி ஆடும் தோல்பாவைக்கூத்தை வைத்து ஒரு நிழல்திரை செய்யலாம் என்று தோன்றாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு. வெள்ளைத் துணிக்குப் பின்னால் பாவை, அதன் கையில் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார், ஆள் நெருங்கினால் கை உயரும். செய்து, சென்சாரைத் திரைக்குப் பின்னாலேயே பாவையின் பக்கத்தில் மறைத்துவைத்தால் நடப்பது இது: ஒருவர் வருகிறார், கை உயர்கிறது, அவர் போய்விடுகிறார், கை மட்டும் இறங்கி ஏறி இறங்கி ஏறி நிற்காமல் ஆடுகிறது. ரேடாருக்குத் துணி ஒரு தடையே இல்லை. அது பாவையின் கையைத்தான் ஆள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கை அசைந்ததால் ஆள் இருக்கிறது, ஆள் இருப்பதால் கை அசைகிறது. புரோகிராமை எத்தனை முறை திருத்தினாலும் தீராது.

தீர்வு இடத்தில் இருக்கிறது. சென்சாரைத் திரைச் சட்டத்தின் அடிக்கட்டையில், பாவைக்கு முன்னால், வெளியே பார்த்து வையுங்கள். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் அகல ஹார்ட்போர்டில் அலுமினியத் தாளை ஒட்டி நிறுத்துங்கள். உலோகத்தைத் தாண்டி இந்த அலை போகாது. அப்படியும் கொஞ்சம் கசிந்தால் சர்வோ ஓடும் நேரத்திலும் அது நின்ற பிறகு ஒரு விநாடியும் வரும் அளவுகளைக் கணக்கில் எடுக்காதபடி புரோகிராமில் எழுதிவிடுங்கள். சர்வோ விஷயத்தில் ஒரு வார்த்தை: எஸ்ஜி90 சுமார் 1.8 கிலோ-செ.மீ. இழுக்கும், 30 கிராம் கையை 20 செ.மீ. தள்ளிப் பிடிக்க 0.6 போதும். ஆனால் அதன் பல்சக்கரம் பிளாஸ்டிக். குழந்தைகள் பாவையைப் பிடித்து இழுத்தால் முதலில் போவது அதுதான். உலோகப் பல் கொண்ட எம்ஜி90எஸ் போடுங்கள். நிஜத் தோல்பாவையில் ஆணி அடித்து மோட்டார் மாட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அட்டையில் வெட்டிய நகல் போதும்.

பெட்டி எந்தப் பொருள் என்பதும் முக்கியம். பிளாஸ்டிக், மெல்லிய பிளைவுட், அக்ரிலிக் வழியாக அலை போகும். உலோகப் பெட்டி, உலோகத் துகள் கலந்த பெயின்ட், ஜிகினாத் தாள் எதுவும் முன்னால் கூடாது. கோயில் அலங்காரம் என்றதும் கை தங்கத் தாளைத் தேடும், அடக்கிக்கொள்ளுங்கள். மூடிக்கும் ஆண்டெனாவுக்கும் இடையே 6.2 மி.மீ. அல்லது 12.4 மி.மீ. விட வேண்டும். இந்த அலையின் நீளம் சுமார் 12.4 மி.மீ., அதன் பாதியின் மடங்கில் மூடி இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் அலை கெடுதல் செய்யாது. மழைக்காலத்தில் ஈரம் குடித்த பிளைவுட் அலையை விழுங்கும். மே மாதம் சரிசெய்த எண்கள் ஆகஸ்டில் ஏன் பொருந்தவில்லை என்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

வேகத்தில் இந்த ரேடார் சூரன் இல்லை. விநாடிக்குப் பத்துமுறைதான் தகவல் தரும். தூரம் செ.மீ.யில் வந்தாலும் நிற்கும் ஆளுக்கே எண் முன்னும் பின்னும் குதிக்கும். கடைசி ஐந்து அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் குதிப்பு அடங்கும், பதிலுக்கு ஏறத்தாழ கால் விநாடி தாமதம். எல்லையை ஒரே எண்ணில் வைக்காதீர்கள். 120 செ.மீ.க்குள் வந்தால் கை உயரட்டும், 150-ஐத் தாண்டினால்தான் இறங்கட்டும். ஒரே எண் என்றால் அந்தக் கோட்டில் நிற்பவருக்குப் பாவை கை நடுங்கிக் கொண்டேயிருக்கும். தாமதம் தெரியாமல் இருக்க நிதானமான அசைவையே கொடுங்கள். ராண்டம் இன்டர்நேஷனல் குழு 2012-இல் லண்டன் பார்பிகனில் வைத்த ‘ரெயின் ரூம்’ படைப்பில் மேலே கேமராக்கள் ஆளைத் தொடர்ந்து, அவர் நிற்கும் இடத்தில் மட்டும் மழையை நிறுத்தும். அங்கேகூட மெல்ல நடப்பவர்தான் நனையாமல் வருவார், ஓடினால் நனைவார். அதையே படைப்பின் குணமாக்கிவிட்டார்கள்.

மின்சாரக் கணக்கு போடாமல் விளக்கு வாங்காதீர்கள். மீட்டருக்கு 60 விளக்குள்ள டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையில் ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்ப் எடுக்கும், மீட்டருக்கு 3.6 ஆம்ப். இரண்டு மீட்டர் போட்டு 30 சதவீத வெளிச்சத்தில் ஓட்டினாலே 2.2 ஆம்ப் ஆகிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எல்எம்2596 என்ற வோல்ட் குறைக்கும் போர்டு வைத்து 5 வோல்ட் எடுப்பவர்கள் அதன்மேல் எழுதியிருக்கும் 3 ஆம்பை நம்ப வேண்டாம், ஹீட்சிங்க் இல்லாமல் 2 ஆம்புக்கே சுடும். 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்ற கணக்கில், இந்தச் சுமைக்கு இரண்டரை மணி நேரம் வரும். தேர்க்கூட்டத்துக்கு அது காணாது, இரண்டு வேண்டும். ரேடாருக்கும் விளக்குக்கும் தனித்தனி 5 வோல்ட் வயர் இழுங்கள். ஒரே மெல்லிய வயரில் இரண்டும் இருந்தால் விளக்கு ஏறும்போது வோல்ட் இறங்கி ரேடார் குழம்பும். கிரவுண்டு மட்டும் ஒன்றாகச் சேர வேண்டும். பட்டையின் வாயில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், பட்டையின் முதல் விளக்கு அடம்பிடித்தால் நடுவில் 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தும் ஒரு 74ஏஎச்சிடி125 சிப்.

எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எல்டி2410சி சொல்லாது, யார் இடப்பக்கம் என்பதும் தெரியாது. அது வேண்டுமென்றால் அதே கம்பெனியின் எல்டி2450: மூன்று பேர்வரை எக்ஸ், ஒய் இடத்தோடு தரும், ஆனால் அசையாமல் நிற்பவரை விட்டுவிடும். எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் கிடைப்பது சுலபம், ஆனால் பருத்திச் சேலை மடிப்பு ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், ஒரே படைப்பில் இரண்டு வைத்தால் ஒன்றின் எதிரொலி இன்னொன்றுக்குக் கேட்கும். விஎல்53எல்1எக்ஸ் லேசர் சென்சார் நிழலான அறையில் 4 மீட்டர் வரை அழகாக அளக்கும், வெயில் பட்டால் அந்தத் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

கையசைவு, முழு உடல் நிழல் என்று போனால் கேமராதான் வழி. மைக்ரோசாஃப்ட்டின் ஆழம் அறியும் கேமராவான கினெக்ட் வி2 பழைய சரக்காகத்தான் கிடைக்கும், 2017-இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரை, ஆளுக்கு 25 மூட்டு வீதம், அரை மீட்டரிலிருந்து நாலரை மீட்டர் வரை தொடரும், யூஎஸ்பி 3 உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் கட்டாயம். புதிதாகத் தொடங்குபவருக்கு சாதா வெப்கேமும், படத்தில் உடலைக் கண்டறியும் மீடியாபைப் என்ற மென்பொருளும் போதும், உடலுக்கு 33 புள்ளி, கைக்கு 21 தருகிறது. பொது இடத்தில் கேமரா வைத்தால் படம் சேமிக்கப்படவில்லை என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வையுங்கள். ரேடார் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, பெண்களும் குழந்தைகளும் வரும் கோயில் பக்கத்து இடத்தில் இதுவே அதன் பெரிய பலம் என்று நினைக்கிறோம்.

தொட்டால் பதில் சொல்லும் படைப்பு என்றால் எம்பிஆர்121 என்ற தொடுசென்சார் போர்டு. பன்னிரண்டு தொடுமுனை. குத்துவிளக்கின் அடியில் ஒரு வயரைச் சால்டர் பண்ணினால் முழு விளக்கும் தொடுசென்சார் ஆகிவிடும். போர்டு 3.3 வோல்ட்டுக்கானது, 5 கொடுத்தால் போய்விடும். பாட்டுக்கு மெமரி கார்டிலிருந்து ஒலிக்கும் டிஎஃப்பிளேயர் மினி போர்டு, 32 ஜிபிக்குள் கார்டு, அதன் ஆர்எக்ஸில் 1 கிலோ ஓம் போடாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும்.

எல்டி2410சி வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடலாம். 5 வோல்ட் பவர் பேங்கில் கொடுத்து, செயலியைத் திறந்து, போர்டின் ஆண்டெனா பக்கம் உங்களைப் பார்க்க மேசையில் நிறுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளி மூச்சுவிட்டபடி அசையாமல் முப்பது விநாடி நில்லுங்கள். அசையாத ஆள் என்று தொடர்ந்து காட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஃபேன் ஓடினால் மட்டும் அதை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நல்ல போர்டையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் மாற்றிக் கொடுத்தால் போர்டு பிழைப்பது அரிது, விழாவுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு வேலந்தாவளத்தில் இது எங்கேயும் கிடைக்காது.